பொறுத்திருந்து பொருத்தும் வைத்தியம்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இவ்விழாவிலே பேசவேண்டுமென்று உங்கள் காரியதரிசி எம்மைக் கேட்டபொழுது, "சமயமும் இலக்கியமும் பேசவல்ல அறிஞர் பலர் இருக்க, கத்தியும் கையுமாய்க் காலங்கழித்த எம்மை ஏன் அழைக்கிறீர்கள்?" என்று கேட்டோம். "எங்கள் சங்கத்து இளைஞருள் அநேகரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, ஆதலினாலேதான்" என்று அவர் பதிலிறுத்தார். மறுக்கவொண்ணாத காரணம். ஆகவே வந்திருக்கிறோம்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இது: பலத்த காயமுற்ற ஒருவருடைய முறிந்த என்புகளை, வந்த அன்றே முற்றாகப் பொருத்திவிடாமல், படிப்படியாகப் பல நாளிற் பொருத்தும் முறை. இது வைத்தியர்கள் மட்டும் அறிந்திருந்தாற் போதாதா, எமக்கு எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். இம்முறை வெற்றி பெறுவதற்கு வைத்தியருடைய கை மட்டும் போதாது. நோயாளியின் உறவினருடைய பொறுமையும் வேண்டும். அப்பொறுமை, விஷயத்தை விளங்கிக்கொண்டவருக்கே வரும். ஆதலின் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணிபுரிந்த வைத்தியசாலையொன்றுக்கு இரவு பதினொரு மணியளவில் இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவன், விளக்கில்லாமல் தெருவோரம் நின்ற லொறியொன்றின் பின்புறத்தில் மோதிவிட்டான். இரு தொடையென்புகளும் முறிந்திருந்தன. இடப்பக்கத்து விலாவென்புகள் நான்கு முறிந்து, அவற்றின்கீழ் இருந்த சுவாசப்பை நசுங்கியிருந்தது. வயிற்றினுள்ளே மண்ணீரல் கிழிந்து இரத்தம் பெருகிக்கொண்டிருந்தது. உடல் குளிர்ந்து, முகம் வெளிறி, கேட்டதற்கு மறுமொழி சொல்ல இயலாதவனாய்க் கிடந்தான்.

அன்றிரவு வயிற்றுச் சத்திரசிகிச்சை நிபுணர் மண்ணீரலை அகற்றி இரத்தப்பெருக்கை நிறுத்தினார். அதன்பின் நாம் தொடைகளிலே, முறிவுக்கு மேலும் கீழும் உருக்குக் கம்பிகளைத் தோலினூடாக என்பிலே திருகி, அவற்றை வெளியே ஒரு தண்டினாற் பிணைத்துவிட்டோம். ஒரு தொடைக்கு அரைமணி நேரம் பிடித்திருக்கும். உடனே அவனை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டோம்.

மூன்றாம் நாட் காலையில் அவனுடைய தகப்பனார் எம்மைத் தேடி வந்தார். தோட்டஞ் செய்பவர். இரு இரவுகள் உறங்காத கண்கள். அவர் கூறிய சொற்களை அவர் கூறியபடியே சொல்லுகிறோம்:

"ஐயா, பிள்ளை வந்து மூண்டு நாளாச்சு. ரண்டு காலிலையும் கம்பியைக் குத்திப்போட்டு ஒண்டுஞ் செய்யாமல் விட்டிருக்கிறியள். எக்ஸ்ரே பாத்தனான்; எலும்பு இன்னும் நேராய்ப் பொருந்தேல்லை. காசு வேணுமெண்டாற் சொல்லுங்கோ, காணியை வித்தெண்டாலும் தாறன். இல்லாட்டில் பிள்ளையைத் தாங்கோ, வேறை இடத்துக்குக் கொண்டுபோறன். வாசலிலை வான் நிக்குது."

அவர் மீது நாம் கோபங்கொள்ளவில்லை. அவரிடத்தில் நாம் இருந்திருந்தால் நாமும் அப்படியே கேட்டிருப்போம். முறிந்த என்பு கண்ணுக்குத் தெரிகிறது. அதைப் பொருத்தாமல் விடுவது கவலையீனமாகவே தோன்றும். அவரை அருகே இருத்தி நாம் அன்று சொன்ன விடையைத்தான், இன்று சற்று விரித்து உங்களுக்குச் சொல்லப்போகிறோம்.

முதலிலே, இத்தகைய காயத்தில் உடம்பினுள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

வளர்ந்த ஒருவருடைய உடம்பிலே ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் உண்டு. ஒரு தொடையென்பு முறிந்தால், தோல் கிழியாவிட்டாலுங்கூட, 1 முதல் 1½ லீற்றர் வரை இரத்தம் தசைகளுக்குள்ளே கசிந்துவிடும். இரு தொடைகளும் முறிந்தாற் பாதியளவு இரத்தமே போய்விடலாம். வெளியே ஒரு துளியும் சிந்தாமலே இது நிகழும். இடுப்பென்பு வளையம் உடைந்தால் இழப்பு இன்னும் பெரிது.

இரத்தம் குறைந்த உடம்பை மூன்று தீமைகள் பற்றிக்கொள்கின்றன. முதலாவது குளிர். எமது வெப்ப நாட்டிலே மனிதன் குளிர்ந்துபோவது எங்ஙனம் என்று கேட்பீர்கள். இரத்தமே உடம்பெங்கும் ஒட்சிசனைக் கொண்டுசெல்வது. அது குறைந்தால் உடம்பு தன் சூட்டை உண்டாக்கிக்கொள்ள இயலாது. நனைந்த உடை, தரையிற் கிடந்த நேரம், நாளத்தில் ஏற்றும் குளிர்ந்த திரவம், குளிரூட்டிய அறையில் திறந்த வயிறு ஆகிய யாவும் சேர்ந்து உடம்பின் வெப்பத்தை 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறக்கிவிடும். இரண்டாவது அமிலம். ஒட்சிசன் போதாத கலங்கள் லக்ரிக் அமிலத்தை உண்டாக்க, இரத்தம் புளித்துப்போகிறது. மூன்றாவது, இரத்தம் உறையும் ஆற்றலை இழத்தல். உறையச் செய்யும் பொருள்கள் குளிரிலும் அமிலத்திலும் நன்கு தொழிற்படா; அன்றியும், அவை பெருக்கெடுத்த இரத்தத்தோடு வெளியேறியும், ஏற்றிய திரவத்தாற் கரைந்தும் குறைந்துபோகின்றன. உறையாத இரத்தம் மேலும் பெருகும்; பெருகப் பெருக உடம்பு மேலும் குளிரும்; குளிரக் குளிர உறைதல் மேலும் கெடும். ஒன்றையொன்று வளர்க்கும் இம்மூன்றையும் சேர்த்து மரண முக்கோணம் என்று வைத்தியர்கள் அழைப்பர். இந்த நிலையிலுள்ளவனைச் சத்திரசிகிச்சை மேசையிலே நான்கைந்து மணி நேரம் கிடத்தி என்பைப் பொருத்தினால், பொருந்திய என்போடு அவன் இறந்துபோகக்கூடும்.

இது முதல் நாளின் ஆபத்து. அடுத்த நாட்களுக்கு வேறோர் ஆபத்து உண்டு. காயமுற்ற உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுப் பலவகை இரசாயனப் பொருள்களை இரத்தத்தில் அனுப்புகிறது. சிறு காயத்துக்கு அது நன்மை. பெருங்காயத்திலோ அவை அளவுமீறி உடம்பெங்கும் பரவி, காயம்படாத உறுப்புகளையுங்கூட வீங்கச் செய்கின்றன. சுவாசப்பையின் நுண்ணிய அறைகளிலே நீர் கசிந்து, மூச்சு முட்டுகிறது. இந்தக் கொந்தளிப்பு இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிற் கடுமையாயிருக்கும். இந்நாட்களிற் செய்யும் பெரிய சத்திரசிகிச்சை, உடம்புக்கு மற்றொரு விபத்தைப் போன்றதே. வைத்திய நூல்கள் இதனை இரண்டாம் அடி என்று குறிக்கின்றன.

தொடையென்பைப் பொருத்தும் சிறந்த முறை, அதன் நடுக்குழியிலே நீண்ட உலோக ஆணியைச் செலுத்துவதாகும். ஜெர்மனியின் கீல் நகரத்து வைத்தியர் கெயார்ட் கியூன்ச்சர் 1939 இல் இதனைத் தொடங்கிவைத்தார். மிகச் சிறந்த முறை. ஆனால் குழியைத் துருவி ஆணியைச் செலுத்தும்பொழுது உள்ளே அழுத்தம் ஏறி, மச்சையிலுள்ள கொழுப்பு நாளங்களுக்குள்ளே தள்ளப்படுகிறது. அது சென்று தங்கும் இடம் சுவாசப்பை. நல்ல சுவாசப்பை அதைத் தாங்கிக்கொள்ளும். நசுங்கிய சுவாசப்பை தாங்குமா? அந்தத் தகப்பனாருடைய கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது.

இவ்வறிவு ஒரே நாளில் வந்ததன்று. வைத்திய உலகம் ஒரு பக்கம் சாய்ந்து, பின் மறுபக்கம் சாய்ந்து, ஈற்றிலேதான் நடுநிலைக்கு வந்தது.

முதலாம் உலகப் போர்க் காலத்திலே, குண்டடிபட்டுத் தொடை முறிந்த போர்வீரருள் நூற்றுக்கு 80 பேர் இறந்தார்கள் என்றும், ஹியூ ஓவன் தோமஸ் என்பார் முன்னரே ஆக்கியிருந்த மட்டச் சட்டத்தைக் களத்திலேயே கட்டத் தொடங்கியபின் அத்தொகை 20க்குங் கீழே இறங்கியதென்றும் அக்காலப் படை வைத்தியர்கள் எழுதிவைத்தார்கள். ஆட்டமில்லாமற் கட்டுவது ஒன்றே எத்துணை உயிர்களைக் காத்தது என்பதைக் கவனியுங்கள்.

பின்வந்த பல்லாண்டுகள், பலத்த காயமுற்றவரைச் சத்திரசிகிச்சை செய்ய அஞ்சிய காலம். "இவன் சத்திரசிகிச்சையைத் தாங்கமாட்டான்" என்று சொல்லிக் காலிலே பாரத்தைத் தொங்கவிட்டு வாரக்கணக்காகப் படுக்கவைத்தார்கள். மல்லாந்து கிடந்தவர்களுக்கு நிமோனியா வந்தது, படுக்கைப்புண் வந்தது, காலிலே இரத்தம் கட்டியாகிச் சுவாசப்பைக்கு ஏறியது. 1989 இல் அமெரிக்காவின் டலஸ் நகரத்து வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடை முறிந்த 178 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 24 மணி நேரத்துள்ளும், மற்றப் பிரிவினருக்கு 48 மணி நேரத்தின் பின்னரும் என்பைப் பொருத்தினார்கள். பல காயமுற்றவர்களுள், முற்படப் பொருத்தியவர்களுக்குச் சுவாசப்பைக் கோளாறுகள் குறைந்தன. வைத்தியசாலையில் இருந்த நாட்களும் குறைந்தன. அத்துடன் காற்று முற்றாகத் திசைமாறியது. "வந்த அன்றே எல்லா என்பையும் பொருத்து" என்பதே பலருக்குக் கொள்கையாயிற்று.

அந்தக் காலத்திலேதான் நாம் வெளிநாடொன்றிற் பயிற்சி பெற்றோம். ஒருநாள், மார்பும் தொடையும் நொறுங்கிய இளைஞனொருவனுக்கு நள்ளிரவில் ஆணி செலுத்தும் சத்திரசிகிச்சையில் நாமும் கைகொடுத்தோம். எக்ஸ்ரே படத்திலே என்பு அழகாகப் பொருந்தியிருந்தது; நாம் பெருமைப்பட்டோம். இரண்டாம் நாள் அவனுக்கு மூச்சு முட்டியது. ஆறாம் நாள் இறந்துபோனான். ஆணியினாலேதான் இறந்தானென்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சுவாசப்பை முன்னரே நசுங்கியிருந்தது. ஆனால் அந்த எக்ஸ்ரே படம் இன்றைக்கும் எம் கண்முன் நிற்கிறது. என்பைப் பார்த்தோம், மனிதனைப் பார்க்கவில்லை.

எமக்கு மட்டுமல்ல, பலருக்கும் அந்த ஐயம் எழுந்தது. 1993 இல் ஜெர்மனியின் ஹனோவர் நகரத்திலிருந்து பாப்பே என்னும் வைத்தியரும் அவருடைய துணைவரும் தங்கள் நோயாளரின் கணக்கை வெளியிட்டார்கள். மார்பிற் கடுங்காயமுற்றவர்களுள், முதல் 24 மணி நேரத்துள் தொடையில் ஆணி செலுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 33 பேருக்குச் சுவாசப்பை செயலிழந்தது. பிந்திச் செலுத்தப்பட்டவர்களிலோ நூற்றுக்கு 8 பேரளவிலேதான் அவ்வாறு நேர்ந்தது.

அதே 1993 இல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து வைத்தியர்கள் வயிற்றுக் காயம் பற்றி ஒன்று சொன்னார்கள். மிகக் கொடிய காயத்திலே, எல்லாவற்றையும் ஒரே முறையிற் சீர்செய்ய முயலாமல், இரத்தத்தை நிறுத்தி, துணியால் அடைத்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, உடம்பைச் சூடாக்கித் தேற்றி, பின்னர் மீண்டும் திறந்து வேலையை முடிக்கலாம் என்பதே அது. மிகக் கொடிய காயமுற்றோருள், முன்னைய முறையில் 9 பேரில் ஒருவரே பிழைத்திருக்க, இம்முறையில் 13 பேரில் 10 பேர் பிழைத்தார்கள். இதற்கு அவர்கள் இட்ட பெயர் கப்பற்படையின் வழக்கிலிருந்து வந்தது. போரிற் சேதமுற்ற கப்பலிலே, முதற் கடமை சேதத்தைக் கட்டுப்படுத்திக் கப்பலை மிதக்கவைப்பது. பழுது பார்த்தல் துறைமுகத்தை அடைந்தபின். எமது கடற்றொழிலாளருக்கு இதை யாரும் படிப்பிக்கவேண்டியதில்லை. நடுக்கடலில் வள்ளத்தில் ஓட்டை விழுந்தால், கையிலகப்பட்ட சாக்கை அடைத்து, தண்ணீரை இறைத்துக்கொண்டு கரைக்கு வருவார்களேயன்றி, அங்கேயே பலகையைச் சீவிப் பொருத்திக்கொண்டிருக்கமாட்டார்கள்.

இந்தக் கருத்தை என்பு முறிவுக்கும் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரத்து வைத்தியர்கள். 2000 இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், மிகவும் நலிந்திருந்த 43 நோயாளருக்கு முதலில் வெளிச்சட்டத்தைப் பூட்டி, உடல் தேறியபின் ஆணியாக மாற்றிய வரலாறு கூறப்படுகிறது. வெளிச்சட்டம் பூட்ட எடுத்த நேரம் நடுத்தரமாக 35 நிமிடம். இழந்த இரத்தம் 90 மில்லிலீற்றர். அங்கே ஏனையோருக்கு நேரே ஆணி செலுத்த எடுத்த நேரம் 135 நிமிடம். இழந்த இரத்தம் 400 மில்லிலீற்றர். ஒரு கோப்பைத் தேநீரளவிலும் குறைந்த இரத்தச் செலவில், அரைமணி நேரத்தில், முறிந்த தொடை ஆட்டமின்றி நிற்கிறது. உயிரின் விளிம்பில் நிற்பவனுக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

இனி, இம்முறையின் படிகளைச் சுருக்கமாகச் சொல்லுவோம்.

முதற்படி, வந்த சில மணி நேரத்துள். மூச்சுப் பாதையைச் சீராக்கி, இரத்தப்பெருக்கை நிறுத்தி, இரத்தம் ஏற்றுவார்கள். இடுப்பென்பு உடைந்திருந்தால் இறுக்கமான பட்டியாற் கட்டுவார்கள். தோல் கிழிந்து என்பு வெளித்தெரியும் முறிவானால், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை விரைவிலே கொடுத்து, மண்ணும் செத்த தசையும் போகக் கழுவுவார்கள். காலுக்கு இரத்தம் செல்லும் குழாய் அறுந்திருந்தால் அதற்கு வழி செய்வார்கள். நீண்ட என்புகளுக்கு வெளிச்சட்டம். இவ்வளவே. என்பு மயிரிழை பிசகாமல் நேராய் நிற்கவேண்டுமென்று அன்று எவரும் பார்ப்பதில்லை.

இரண்டாம் படி, அதிதீவிர சிகிச்சைப் பிரிவு. வெளியே நிற்பவருக்கு இங்கே ஒன்றும் நடவாததுபோலத் தோன்றும். உண்மையிலே மிகுந்த வேலை நடப்பது இங்கேதான். சூடாக்கிய திரவமும் சூடான காற்றுப் போர்வையும் கொண்டு உடம்பின் குளிரைப் போக்குகிறார்கள். உறையும் பொருள்களை ஏற்றுகிறார்கள். இரத்தத்தின் அமிலத்தை மீண்டும் மீண்டும் அளக்கிறார்கள். சிறுநீர் எத்தனை மில்லிலீற்றர் என்று மணிக்கு மணி தாதிமார் குறித்துவைக்கிறார்கள். இந்த எண்களெல்லாம் திருந்தி வருகின்றனவா என்பதே அடுத்த படியைத் தீர்மானிக்கும் நாழிகைவட்டில். சுவரிலே தொங்கும் நாட்காட்டி அன்று.

மூன்றாம் படி, நிலையான சத்திரசிகிச்சை. கொந்தளிப்பு அடங்கிய ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடைப்பட்ட காலம் இதற்கு வாய்ப்பானதென்பர். வெளிச்சட்டத்தைக் கழற்றி ஆணி செலுத்துவார்கள். மூட்டுகளின் முறிவைத் தகட்டாலும் திருகாணியாலும் நுட்பமாகப் பொருத்துவார்கள். மிகவும் பிந்தவுங் கூடாது. கம்பி நுழைந்த துவாரங்களிலே நாட்செல்லச் செல்ல நுண்ணுயிர்கள் குடியேறும். பின்னர் ஆணி செலுத்தினால் அவை என்பின் உட்குழியை அடையும். ஆதலின் இரண்டு வாரத்துள் மாற்றிவிடுதல் நலம். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவேண்டும் என்பது எமது பழமொழி. ஆறி அவலாய்ப் போகவும் விடக்கூடாது என்பதை அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாவிட்டால் எமது பேச்சு அரைகுறையாய்விடும். இம்முறை எல்லாருக்கும் உரியதன்று. என்பு முறிந்தவருட் பெரும்பாலோர் திடமான நிலையிலேயே வருகிறார்கள். அவர்களுக்கு முதல் நாளிலோ அடுத்த நாளிலோ நிலையான சத்திரசிகிச்சை செய்வதே நன்று. வீணாய்த் தாமதித்தால் பழைய படுக்கைக் காலத்துத் துன்பங்களே திரும்பும். 2007 இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்று 165 நோயாளரை வைத்து இதனைக் காட்டியது. திடமாயிருந்தவர்களுள், உடனே ஆணி செலுத்தப்பட்டவர்கள் செயற்கைச் சுவாசத்தில் இருந்த காலம் குறைந்தது. விளிம்பு நிலையில் இருந்தவர்களுக்கோ உடனே ஆணி செலுத்தியமை சுவாசப்பைக்குத் தீங்காயிற்று. ஒரே சிகிச்சை, ஒருவனுக்கு மருந்து, மற்றவனுக்கு நஞ்சு. விளிம்பு எங்கே என்பதில் நிபுணர்களுக்குள் இன்றும் வாதம் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தார் 2013 இல், இரத்தத்தின் லக்ரேற்று அளவு லீற்றருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்குதல் போன்ற அளவுகோல்களை வகுத்து, அந்நிலையை அடைந்தவருக்கு 36 மணி நேரத்துள் நிலையான சிகிச்சையே செய்யலாம் என்றார்கள். எனவே, அவசரமும் கொள்கையாகக் கூடாது. தாமதமும் கொள்கையாகக் கூடாது. நோயாளியின் உடம்பு என்ன சொல்கிறதோ அதுவே கொள்கை.

அன்பர்களே, இனி உங்களுக்குரிய பகுதிக்கு வருகிறோம். எமது இலங்கையிலே ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் தெரு விபத்துகளில் இறக்கிறார்கள். இந்த வைத்தியத்தின் முதற்படி, வைத்தியசாலை வாசலிலே தொடங்குவதன்று. விபத்து நடந்த தெருவிலே, அங்கே முதலில் ஓடிவருபவருடைய கையிலே தொடங்குகிறது. அவர் பெரும்பாலும் உங்களைப் போன்ற ஓர் இளைஞராகவே இருப்பார்.

விழுந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி முச்சக்கர வண்டியிலே மடித்துத் திணியாதீர்கள். முறிந்த தொடை ஒவ்வொரு முறை ஆடும்பொழுதும் இரத்தம் பெருகும்; கழுத்தென்பு முறிந்திருந்தால் கைகால் வழங்காமற் போய்விடும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழையுங்கள். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்த அந்த இலவச அம்புலன்ஸ் சேவை, 2018 இல் வடக்குக்கும் வந்தது. இரத்தம் பாயும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். முறிந்த காலை மற்றக் காலோடு சேர்த்து, இடையிலே துணி வைத்து, சால்வையால் ஆடாமற் கட்டுங்கள். நனைந்த உடை இருப்பின் நீக்கி, ஒரு போர்வையால் மூடுங்கள். வெயில் எறிக்கிறதே என்று எண்ணவேண்டாம். குடிக்கச் சோடாவோ தேநீரோ கொடுக்கவேண்டாம். சில நிமிடங்களில் அவருக்கு மயக்கமருந்து கொடுக்க நேரலாம்.

நேரத்தின் அருமைக்கு ஓர் உதாரணம் கூறுகிறோம். இரத்தப்பெருக்கைக் குறைக்கும் திரனெக்சாமிக் அமிலம் என்னும் மலிவான மருந்தொன்று உண்டு. 40 நாடுகளில், இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட காயமுற்றோரிடம் அதைச் சோதித்து 2010 இல் முடிவை வெளியிட்டார்கள். அது உயிர் காக்கிறது. ஆனால் காயமுற்ற மூன்று மணி நேரத்துள் கொடுத்தால் மட்டுமே. பிந்தினாற் பயனில்லை என்பது மட்டுமன்று, தீங்கும் விளையலாம். பொறுமையைப் பற்றிப் பேசவந்த நாம், தெருவிலே பொறுமை வேண்டுமென்று சொல்லவில்லை. அங்கே விரைவு வேண்டும். வைத்தியசாலையிலே முறிந்த என்பின் விஷயத்தில் பொறுமை வேண்டும். இவ்விரண்டையும் நாம் பெரும்பாலும் இடம்மாற்றிச் செய்கிறோம்.

மற்றொன்று இரத்ததானம். நாம் சொன்ன சிகிச்சையின் ஒவ்வொரு படியும் இரத்தத்தின் மேலேயே நிற்கிறது. அதனை எந்தத் தொழிற்சாலையும் செய்து தராது. ஆரோக்கியமுள்ளவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். இச்சங்கம் ஆண்டுக்கு ஒரு முகாமையேனும் நடத்துமானால், இவ்விழாவின் மாலைகளிலும் மேலான மாலை அதுவே.

ஈற்றிலே, உங்கள் உறவினர் எவரேனும் இவ்வாறு கிடக்க நேர்ந்தால், வைத்தியரிடம் கேட்கக் கூசாதீர்கள். "ஏன் இன்னும் செய்யவில்லை?" என்று கேட்பதோடு, "எது திருந்தக் காத்திருக்கிறீர்கள்? இன்று அது திருந்தியிருக்கிறதா?" என்றும் கேளுங்கள். காரணத்தோடு காத்திருப்பவர் அதற்கு விடை சொல்லுவார். விடை சொல்லுதல் எமது கடமை. எம் தொழிலார் பலர் வேலைப்பளுவிலே அதனை மறந்துவிடுகிறார்கள், நாமும் மறந்ததுண்டு. உறவினருடைய கோபத்திலே பாதி, எமது மௌனத்திலே பிறந்தது.

அந்தத் தகப்பனாருக்கு அன்று நாம் வெளிச்சட்டத்தையும் எண்களையும் காட்டினோம். "இன்று இவனை வானில் ஏற்றினால், வழியிலே இவன் மூச்சு நிற்கலாம். கால் வளைந்து பொருந்தினால் நாளைக்கு நிமிர்த்தலாம்; இவன் போனால் எதை நிமிர்த்துவது?" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின் வாசலுக்குப் போய் வானை அனுப்பிவிட்டு வந்து, வாங்கிலிலே இருந்தார். நான்காம் நாள் பையனுக்கு மூச்சு மிகவும் இடர்ப்பட்டது. அன்று எமக்கே நடுக்கமாயிருந்தது. ஆறாம் நாள் எண்கள் திருந்தின. எட்டாம் நாள் ஒரு தொடைக்கும், பத்தாம் நாள் மற்றத் தொடைக்கும் ஆணி செலுத்தினோம்.

ஏழு மாதங்களின்பின், சற்றே நொண்டியபடி, ஊன்றுகோல் ஒன்றோடு, அவன் தானாக நடந்து வந்தான். தகப்பனார் பின்னாலே ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்தார். காணி விற்கப்படவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. "ஐயா, நான் அண்டைக்கு அவசரப்பட்டிட்டன்" என்றார். "நீங்கள் கேட்டது சரிதான், நாம் முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும்" என்று நாம் விடையளித்தோம்.

இளைஞர்களே, தலைக்கவசம் அணியுங்கள், மிதமாய் ஓட்டுங்கள், இரவிலே விளக்கில்லாமல் வண்டியைத் தெருவில் நிறுத்தாதீர்கள். எம் வைத்தியத்துக்கு வேலை வையாதிருப்பதே நீங்கள் எமக்குச் செய்யும் உபகாரம்.